இரண்டு அறிவிப்புகளுக்கு இடையே

ஜூன் மாதம் ஒன்பதாம் நாள், புதன்கிழமை. பெருந்தொற்றின் இரண்டாம் ஆண்டு. விடியும்போதே வானம் மூடிக்கிடந்தது. மழையென்று சொல்ல முடியாத ஒரு தூறல் விழுவதும் நிற்பதுமாக இருந்தது; காற்று அடியோடு இல்லை. இப்படிப்பட்ட நாளில்தான் ஒலி நன்றாகப் பரவும் என்று மைக் அண்ணன் சொல்வார். வெயில் நாளில் குரல் மேலே போய்விடும். காற்று நாளில் பக்கத்துத் தெருவுக்குப் போய்விடும். ஈரமான, அசைவற்ற காலையில் மட்டும் அது தரையோடு தரையாக நடந்து ஒவ்வொரு வாசலிலும் நின்று கேட்கும் என்பார். அன்று காலை அவர் குரல் எல்லா வாசல்களிலும் போய் நின்றது. அதுவே வினையாயிற்று.

அவர் எங்கள் எதிர்வீட்டுக்காரர். சரக்கு ஆட்டோ ஒன்றின் கூரையில் முன்னும் பின்னுமாகக் கூம்பு ஒலிபெருக்கிகளைக் கட்டிக்கொண்டு ஊருக்குள் அறிவிப்புச் செய்வது தொழில். தண்ணீர் வராத நாள், மின்தடை, கடைத் திறப்பு, காணாமற்போன குழந்தை, இறப்புச் செய்தி ஆகிய எல்லாம் அவர் வாய்வழியாகத்தான் ஊருக்குத் தெரியவரும். பெற்றோர் வைத்த பெயர் பள்ளிச் சான்றிதழோடு நின்றுவிட்டது. அவரைவிட மூத்தவர்களுக்கும் அவர் மைக் அண்ணன்தான். அவர் வீட்டின் முன்னறையில் மனிதர் உட்கார இடமில்லை. பேட்டரிகள், சுருட்டிய வயர்கள், ஆம்ப்ளிஃபயர் பெட்டிகள், வாய் பிளந்த பழைய கூம்புகள் எல்லாம் சுவரோடு சுவராக அடுக்கியிருக்கும்.

"எங்க வீட்டுக்கு விருந்தாளி வந்தா ஸ்பீக்கர் மேலதான் உக்காரணும். அது பேசாதவரைக்கும் கஷ்டமில்ல" என்பார் அவர் மனைவி.

இந்தத் தொழிலுக்கு அவர் தற்செயலாகவே வந்தார். தாய் இறந்தபின் அவரை வளர்த்தவர் அவருடைய அக்கா. அக்காவுக்கு இஸ்திரிக் கடை. தம்பி, தேய்த்த துணிகளை வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பான். ஒருநாள் அப்படிப் போகும் வழியில் பொருட்காட்சித் திடலில் ஒரு குழந்தை தாயைக் காணாமல் அழுதுகொண்டிருந்தது. அறிவிப்புக் கொட்டகையில் இருக்க வேண்டியவர் தேநீர் குடிக்கப் போயிருந்தார். இவர் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மைக்கை எடுத்தார். "இந்தப் பிள்ளையின் அம்மா எங்கே இருந்தாலும் ஓடி வர வேண்டாம். மெதுவாக நடந்து வாருங்கள். பிள்ளை என் இடுப்பில் பத்திரமாக இருக்கிறது" என்றார். திடலே ஒரு கணம் அமைதியானதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். கொட்டகைக்காரர் அன்றே அவரை வேலைக்கு வைத்துக்கொண்டார்.

செய்தி கேட்டு வந்த அக்கா கேட்டது ஒன்றுதான். "எல்லாம் சரிடா. துணி மூட்டை எங்க?"

அந்த மூட்டை கடைசிவரை கிடைக்கவில்லை.

தொழிலில் அவருக்கு ஒரு விதி இருந்தது. தாம் நேரில் பார்க்காததை மைக்கில் சொல்வதில்லை. குழாயில் தண்ணீர் வருமென்று சொல்லுமுன் நீரேற்று நிலையத்துக்குப் போய்த் தொட்டியை எட்டிப் பார்ப்பார். இறப்புச் செய்தியென்றால் அந்த வீட்டுக்குப் போய், உடலைப் பார்த்து, உரியவர் வாயால் கேட்டபிறகுதான் வண்டியை எடுப்பார். ஒருமுறை யாரோ வேண்டாதவர் தொலைபேசியில், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் காலமாகிவிட்டதாகச் சொல்லி அறிவிக்கச் சொன்னார். இவர் வழக்கப்படி போய்க் கதவைத் தட்டினார். திறந்தவர் காலமானவரே.

"என்னப்பா, விடியறதுக்குள்ள?"

"ஒண்ணுமில்லீங்க. சும்மா பாத்துட்டுப் போலாம்னு."

"பாத்துட்டியா?"

"பாத்துட்டேங்க. நல்லா இருங்க."

இந்தக் கதை வெளியே தெரிந்தபின், மைக் அண்ணன் சொல்லாதவரை இந்த ஊரில் ஒருவரும் சாவதில்லை என்று வேடிக்கையாகச் சொல்லத் தொடங்கினார்கள். வேடிக்கைதான், ஆனால் அதில் ஊர் அவர்மீது வைத்திருந்த நம்பிக்கையின் முழு எடையும் இருந்தது. செய்தித்தாளைப் பற்றிச் சந்தேகப்படுவார்கள், தேர்தலில் வென்றவரைப் பற்றிச் சந்தேகப்படுவார்கள், "மைக்ல சொன்னாங்களா?" என்ற கேள்விக்கு "சொன்னாங்க" என்று பதில் வந்துவிட்டால் அதோடு பேச்சு முடிந்தது.

இன்னொரு வழக்கமும் இருந்தது. ஒரே சுற்றில் இரண்டு செய்திகளைச் சொல்ல நேர்ந்தால், முதலாவதை முடித்தவுடன் ஒரு புல்லாங்குழல் இசைத்துண்டை ஒலிக்கவிடுவார். வண்டி அடுத்த திருப்பத்தை அடையும்வரை குழல் ஒலிக்கும். அதன்பிறகே அடுத்த செய்தி.

"சோப்பு விக்கிற வாயாலயே சாவைச் சொல்லக் கூடாதுங்க. நடுவுல வாயைக் கழுவணும். அதுக்குத்தான் அந்தக் குழல்" என்று என்னிடம் ஒருமுறை விளக்கினார்.

அக்கா அவருடைய முதல் விமரிசகர். வண்டி இஸ்திரிக் கடையைத் தாண்டும்போது பெட்டியைக் கையில் பிடித்தபடியே வாசலுக்கு வந்து நிற்பார். மாலையில் தம்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் தீர்ப்பு வரும். "இன்னிக்கி ரெண்டு எடத்துல மூச்சு வாங்கினே. என்ன, வண்டியை நீயா தள்ளிட்டு வந்தே?" கணவரை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. வாழ்நாளெல்லாம் கரிப்பெட்டியின் புகையைக் குடித்து நுரையீரல் நைந்திருந்தது. மாடிப்படி ஏறினால் நடுவில் ஒருமுறை உட்கார வேண்டும். இந்த நோய் ஊருக்குள் வந்தபோது தம்பி முதலில் நினைத்தது அந்த நெஞ்சைத்தான். தடுப்பூசி என்ற ஒன்று வருகிறது என்று கேள்விப்பட்டபோதும் நினைத்தது அதையேதான். அக்காவுக்கு ஊசி போட்டுவிட வேண்டும். அந்த ஆண்டு முழுவதும் அவருக்கு வேறு விருப்பம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

ஊரடங்கில் எல்லா வண்டிகளும் நின்றபோது அவருடையதற்கு மட்டும் சுகாதார அலுவலகம் அனுமதிச் சீட்டு கொடுத்தது. காலையில் ஒரு சுற்று, அவ்வளவுதான். அந்த ஒரு சுற்றுக்குள் அரசுச் செய்தி, சாவு, மருந்துக்கடை திறக்கும் நேரம் ஆகிய அனைத்தும் அடங்க வேண்டும். சாவுகள் கூடிக்கொண்டே போயின. ஒருநாள் யாரோ அலுவலகத்துக்குப் புகார் செய்தார்கள்: ஊரே அழும்போது வண்டியில் பாட்டு எதற்கு? மறுநாளே இசை கூடாதென்று உத்தரவு வந்தது.

சுகாதார அதிகாரி இளம்பெண்மணி. நல்லவர், தூக்கம் இல்லாதவர். மைக் அண்ணன் அவரிடம் போய் நின்றார்.

"அது பாட்டு இல்லம்மா. ஒரு எடைவெளி."

"எடைவெளிக்குப் பேசாம இருந்தா போதாதா?"

"வண்டி ஓடிட்டே இருக்கும்மா. நான் பேசாம இருந்தா முடிஞ்சுதுன்னு ஜன்னலைச் சாத்திடுவாங்க. அடுத்த சேதி சுவத்துக்குத்தான் கேக்கும்."

"இப்ப எனக்கு இதெல்லாம் யோசிக்க நேரமில்லண்ணே" என்றார் அவர். உண்மையிலேயே இல்லை. அவர் மேசைமேல் ஒரே சமயத்தில் இரண்டு தொலைபேசிகள் அடித்துக்கொண்டிருந்தன.

குழல் நின்றது. பல ஆண்டுகளாக அந்தக் குழல் செய்துவந்த வேலைக்கு அவரிடம் ஒரு சொல் இல்லை. 'அடுத்த செய்தி' என்று சொல்லிப் பழகியவரில்லை அவர். முதல் செய்தியை முடிப்பார்; ஒரு மூச்சு; இரண்டாவதைத் தொடங்குவார். தம்மளவில் அந்த மூச்சே போதும் என்று நினைத்துவிட்டார்.

முதல் தடுப்பூசி முகாமுக்கு ஊர் திரண்டு வந்தது. கைப்பேசிகளில் அதற்கு முன்பே என்னென்னவோ சுற்றிக்கொண்டிருந்தன: ஊசி போட்டால் பிள்ளை பிறக்காது, ரத்தம் உறைந்துவிடும், உள்ளே ஏதோ கருவி இருக்கிறது என்று. ஆனாலும் மைக் அண்ணன் தாமே முதலில் ஊசி போட்டுக்கொண்டு, காய்ச்சலில் இருநாள் படுத்து எழுந்து, "காய்ச்சல் வந்தது, கை வலித்தது, இப்போது நன்றாக இருக்கிறேன்" என்று தெருத்தெருவாகச் சொல்லியிருந்தார். வரிசை மண்டபத்தைத் தாண்டி நின்றது. அக்கா வரிசையின் பின்பகுதியில் இருந்தார். அவர் முறை வருமுன் மருந்து தீர்ந்துவிட்டது.

"அடுத்த தடவை முதல் ஆளா நிப்பேன் பாரு. உன் தொழில்ல எனக்கு ஒரு சலுகை இல்லையா?" என்று சிரித்துக்கொண்டே வீடு திரும்பினார்.

அந்த அடுத்த முகாம் ஜூன் பதினொன்று, வெள்ளிக்கிழமை என்று முடிவாயிற்று. அதை அறிவிக்கத்தான் அந்தப் புதன்கிழமை வண்டி புறப்படவிருந்தது.

புறப்படும் நேரத்தில் மரக்கடைக்காரரின் மகன் வந்தான். நாற்பதை எட்டும் வயது. அழுது வீங்கிய முகம். அப்பா அதிகாலையில் மருத்துவமனையில் இறந்துவிட்டாராம். இதே நோய்தான். முகாமுக்கெல்லாம் முன்பே படுத்தவர்; வெளியூர் போயிருப்பதாக வீட்டார் சொல்லிவைத்திருந்தார்கள். ஊசி போட்டுக்கொண்டவர் அல்லர்.

"அண்ணே, சொல்லணும். ஆனா என்ன நோய்னு சொல்லாதீங்க."

"ஏம்பா?"

"வீட்டைச் சுத்தித் தகரம் அடிச்சுடுவாங்க. கடைக்கு ஒருத்தன் வரமாட்டான். தங்கச்சிக்கு வேற பேசி முடிச்சிருக்கோம். காலமானார்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

நோயைச் சொல்லாமல் விடுவது பொய்யாகாது என்று மைக் அண்ணன் எண்ணினார். எத்தனையோ வீடுகள் அப்படிக் கேட்டதுண்டு. தூக்கு மாட்டிக்கொண்டவர்களையும் 'காலமானார்' என்றே சொல்லியிருக்கிறார். மருத்துவமனைக்குப் போய், கண்ணாடிக்கு இப்பால் நின்று உடலைப் பார்த்தார். "சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுத்தார். வண்டியை ஓட்டுபவர் அவருடைய மைத்துனர். பேருந்து ஓட்டிக்கொண்டிருந்து ஊரடங்கில் வேலை போனவர். வண்டி கிளம்பியது.

அன்று தெருக்களில் ஒலித்தது இதுதான்: "வரும் வெள்ளிக்கிழமை நகர மண்டபத்தில் தடுப்பூசி முகாம் நடைபெறும். சென்ற முகாமில் நம் ஊரார் பலர் ஊசி போட்டுக்கொண்டனர். நம் ஊர் மரக்கடை உரிமையாளர் இன்று அதிகாலை காலமானார். அன்னாரின் உடல் பிற்பகல் நல்லடக்கம் செய்யப்படும்."

இரண்டு செய்திகள்; நடுவே ஒரு மூச்சு. ஓடும் வண்டியிலிருந்து வரும் அறிவிப்பை எந்த வீடும் முழுதாகக் கேட்பதில்லை. ஒரு வீட்டுக்கு முதல் செய்தியின் வால் கேட்கும்; அதே வீட்டுக்கு அடுத்ததன் தலை கேட்கும். அந்தத் தூறல் காலையில் வாலும் தலையும் மிகத் தெளிவாகக் கேட்டன. ஒரு மாடி வீட்டிலிருந்து யாரோ கைப்பேசியில் பதிவு செய்தார்கள். 'ஊசி போட்டுக்கொண்டனர்' என்பதில் தொடங்கி 'காலமானார்' என்பதில் முடியும் பதிவு. நண்பகலுக்குள் அது ஊரிலுள்ள எல்லாக் கைப்பேசிகளுக்கும் போய்விட்டது. அதன்கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: 'அதிகாரிகள் மறைப்பதை மைக் அண்ணனே சொல்லிவிட்டார்.'

அவர் சொல்லிவிட்டார், ஆகவே உண்மை. ஊர் தன் பழைய வழக்கத்திலிருந்து இம்மியும் பிறழவில்லை.

அவருக்கு இது மாலையில்தான் தெரிந்தது, அதுவும் அக்காவின் கடையில். கரிப்பெட்டி அணைந்திருந்தது. மேசைமேல் வெள்ளைச் சட்டைகள் அடுக்கியிருந்தன.

"வெள்ளிக்கிழமை வண்டியிலயே கூட்டிட்டுப் போறேன்க்கா. சீக்கிரம் குளிச்சு ரெடியா இரு."

"நான் வரல."

"ஏன்?"

"ஏன்னு என்னைக் கேக்கறியா? காலையில நீதானே சொல்லிட்டுப் போனே. இந்த வாசல்ல நின்னு என் காதால கேட்டேன். அப்புறம் துணி குடுக்க வந்தவங்க ஃபோன்லயும் போட்டுக் காட்டினாங்க."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டார்.

"அய்யோ, அது ரெண்டும் வேற வேற சேதிக்கா. அவர் ஊசியே போடல."

"அப்புறம் எதுல செத்தார்? நல்லா இருந்த மனுஷன்."

வாக்குக் கொடுத்தது காலையில். மாலைக்குள் அதை உடைக்க வேண்டியதாயிற்று. தெருவை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இதே நோய்தான். ரொம்ப நாளா ஆஸ்பத்திரியில இருந்தார். யாருக்கும் சொல்லாத."

அக்கா தம்பியை உற்றுப் பார்த்தார். "அப்படின்னா அதை மைக்ல ஏன் சொல்லல?"

"அவங்க வீட்டுல வேணாம்னாங்க."

"நல்லா இருக்குடா. ஊருக்குச் சத்தமாச் சொன்னது பொய். என் காதுல ரகசியமாச் சொல்றது நெஜமா?"

"அக்கா, நான் உன்கிட்டப் பொய் சொல்வேனா?"

"சொல்வே. என்கிட்ட மட்டும்தான் சொல்வே." அவர் கோபமாகப் பேசவில்லை, சட்டைகளின் கழுத்துப்பட்டையை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டே பேசினார். "எங்க வீட்டுக்காரர் விழுந்த அன்னிக்கு, ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் உயிர் இருக்குக்கா, உயிர் இருக்குக்கான்னு சொல்லியே என்னைக் கூட்டிட்டுப் போனியே. அப்பவே அவர் போயாச்சு. நான் பயந்துடுவேன்னு சொன்னே. தப்புன்னு சொல்லல. ஆனா பாசத்துல நீ என்ன வேணா சொல்வே. மைக்கைப் பிடிச்சா உன் வாயில பொய் வராது. அது எனக்குத் தெரியும். உன்னை வளத்தவ நான்."

அவர் என்ன சொல்லியும் அக்கா அசையவில்லை. தம்பியின் நேர்மையைப் பற்றித் தம்பியிடமே வாதாடி வென்றுவிட்டார்.

வியாழன் காலை அவர் மரக்கடைக்குப் போனார். கடை பாதி மூடியிருந்தது. மகன் மரத்தூளின்மேல் நின்றுகொண்டு கேட்டான்.

"ஊசியால சாகலன்னு மட்டும் சொல்லுங்களேன், அண்ணே."

"அப்ப எதுலன்னு கேப்பாங்களேப்பா. பதில் இல்லாம அதைச் சொன்னா இன்னும் மோசம். எங்க அக்காவுக்கு நாளைக்கு ஊசி. அவ வரமாட்டேங்கறா."

"உங்க அக்காவைப் பாக்கறீங்க நீங்க. நான் என் தங்கச்சியைப் பாக்க வேணாமா?"

மகன் மரத்தூளை மிதித்துக்கொண்டு திரும்பி நடந்தான். மரமறுக்கும் இயந்திரம் மட்டும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

அங்கிருந்து சுகாதார அலுவலகத்துக்குப் போனார். அதிகாரிக்கு எல்லாம் தெரிந்திருந்தது; மேலிடத்திலிருந்து ஏச்சும் வாங்கியிருந்தார். இறந்தவரின் நோயைத் தாமும் வெளியே சொல்ல முடியாது, அது சட்டம் என்றார். மாறாக ஒரு தாளில் வாசகம் எழுதித் தந்தார்: தடுப்பூசி முற்றிலும் பாதுகாப்பானது, வதந்தி பரப்புவோர் மீது கடும் நடவடிக்கை எடுக்கப்படும்.

"கடைசி வரி வேணாம்மா. மிரட்டற மாதிரி இருக்கு. நடந்ததை அப்படியே சொல்றேனே. குழல் இல்லாம ரெண்டையும் சேத்துச் சொல்லிட்டேன், என் தப்புன்னு."

"உங்க தப்புன்னு சொன்னா அலுவலகத்துத் தப்புன்னு ஆயிடும்ண்ணே. குழலை நிறுத்தச் சொன்னது நாங்கதானே." அவர் கண்களைத் துடைத்துக்கொண்டார். "எழுதினதை மட்டும் படிங்க. பாதுகாப்புக்கு ஜீப் ஒண்ணு பின்னாடி வரும்."

"ஜீப் வந்தா யாரும்மா நம்புவாங்க?"

"நேத்து உங்க வண்டி மேல கல்லு விழுந்திருந்தா நான்தானே பதில் சொல்லணும்?"

அவர் சொன்னதிலும் பிழை இல்லை. அந்த வாரம் ஒவ்வொருவர் சொன்னதிலும் ஏதோ ஒரு நியாயம் இருந்தது. அத்தனை நியாயங்களும் சேர்ந்து ஊரை மூச்சுத் திணற வைத்தன.

மைக் அண்ணன் அதைப் படிக்காமலும் இருந்திருக்கலாம். படித்தால் ஒருவராவது வருவார், அந்த ஒருவர் அக்காவாக இருக்கலாம் என்று நினைத்தார். வண்டி முன்னே போக, காவல்துறை ஜீப் பின்னே வர, தெருத்தெருவாக அந்த வாசகத்தைப் படித்தார். ஜன்னல்கள் திறந்தன, ஜீப்பைப் பார்த்ததும் மூடின. முந்தின நாள் செய்தியைக் கேளாதவர்களும் இன்று என்ன வதந்தி என்று விசாரித்துத் தெரிந்துகொண்டார்கள். இஸ்திரிக் கடை வாசலில் அக்கா வழக்கம்போல் வந்து நின்றார். தம்பியைப் பார்க்கவில்லை, ஜீப்பைப் பார்த்தார். அவர் கண்களில் இரக்கம் இருந்தது. மாலையில் கேட்டார்: "அடிச்சாங்களாடா?"

"யாரும் அடிக்கலக்கா."

"சரி, சொல்லாத. நான் கேக்கல."

வெள்ளிக்கிழமை நகர மண்டபத்தில் நாற்காலிகள் இடைவெளிவிட்டு வரிசையாகப் போட்டிருந்தன. செவிலியர்கள் கையுறை மாட்டிக் காத்திருந்தார்கள். முன்களப் பணியாளர் சிலரும், வெளியூரிலிருந்து வந்து தங்கியிருந்த ஒரு குடும்பமும் வந்தனர். அவ்வளவே. மருந்து இம்முறை தாராளமாக இருந்தது. மாலையில் பனிக்கட்டிப் பெட்டியை மூடி, வந்த வண்டியிலேயே திருப்பி ஏற்றினார்கள்.

மைத்துனர் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "போன தடவை ஆளு இருந்துச்சு, மருந்து இல்ல. இந்தத் தடவை மருந்து இருக்கு, ஆளு இல்ல. ரெண்டையும் ஒரே நாள்ல பாக்கக் குடுத்து வெக்கலை மாமா நமக்கு."

மைக் அண்ணன் அன்று நான்குமுறை இஸ்திரிக் கடைக்கு நடந்தார். கெஞ்சினார், கோபித்தார், ஒருமுறை காலைப் பிடித்தார் என்று மைத்துனர் சொன்னார். அக்கா குனிந்து அவர் கையை விலக்கி, "எழுந்திருடா, துணியில கரி படுது" என்றாராம்.

அடுத்த மாதம் அக்காவுக்குக் காய்ச்சல் கண்டது. துணி வழியாக வந்ததா, துணி கொடுக்க வந்தவர் வழியாக வந்ததா என்று யாருக்குத் தெரியும்? இரண்டாம் நாளே மூச்சு முட்டியது. மருத்துவமனையில் உள்ளே விடவில்லை. கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசலாம் என்றார்கள். மைக் அண்ணன் மருத்துவமனையின் மதிலோரம் நின்று பேசினார். அக்காவின் முகத்தைப் பிராணவாயுக் கவசம் மறைத்திருந்தது.

"டாக்டர்கிட்டக் கேட்டேன்க்கா. சரியாயிடுமாம்."

அக்கா கவசத்தைச் சற்றுத் தூக்கினார். சிரித்தமாதிரி இருந்தது என்று அவர் பின்னால் சொன்னார்.

"இதை மைக்ல சொல்வியா?"

மருத்துவர் வேறுவிதமாகத்தான் சொல்லியிருந்தார். அக்கா சிறிதுநேரம் காத்திருந்து, தலையை அசைத்து, கவசத்தைத் திரும்ப வைத்துக்கொண்டார். அதுவே இருவருக்கும் கடைசிப் பேச்சு.

அக்கா இறந்த செய்தியை வேறு யாரும் சொல்ல அவர் விடவில்லை. அலுவலகத்தில் கேட்கவில்லை, தாள் இல்லை, ஜீப் இல்லை. ஊரடங்கோடு இசைத் தடையும் தளர்ந்திருந்ததால் குழலைப் போடலாம் என்று மைத்துனர் நினைவூட்டினார். "ஒரே சேதிதான் மாப்ள. எதுக்கு?" என்றார் மைக் அண்ணன்.

அன்று வெயில், குரல் மேலே போகும் நாள். ஆகவே வண்டியை ஒவ்வொரு வளைவிலும் நிறுத்தச் சொல்லிப் பேசினார். "இஸ்திரிக் கடை வைத்திருந்த என் அக்கா இன்று காலை காலமானார். இந்தத் தொற்று நோயால் காலமானார். அவர் தடுப்பூசி போட்டுக்கொள்ளவில்லை. போட்டுக்கொண்டிருக்க வேண்டும்." குரல் எங்கும் உடையவில்லை, மூச்சு வாங்கவுமில்லை. தீர்ப்புச் சொல்ல அக்கா கடை வாசலில் இல்லை. மரக்கடைக்கு முன்னால் நிறுத்தியபோது மகன் வெளியே வந்து, கேட்டுமுடிக்கும்வரை தலைகுனிந்து நின்றுவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

எங்கள் தெருமுனையில் பால்காரர் மிதிவண்டியை நிறுத்தி, முகக்கவசத்தை இறக்கிவிட்டு, வண்டிக்குப் பக்கத்தில் வந்தார். நான் வாசலில் நின்றிருந்ததால் எல்லாம் கேட்டது. அவர் கேட்டதில் கேலி இல்லை. ஆறுதல் சொல்கிறவரின் தொனியே இருந்தது.

"எதுலண்ணே போனாங்க நெஜமா? எங்ககிட்டயாவது சொல்லுங்க. இதையும் ஆபீஸ்லதான் எழுதிக் குடுத்தாங்களா?"

மைத்துனர் வண்டியின் இயந்திரத்தை அணைத்தார்.

"சொல்லக் கூடாதுன்னா விடுங்க" என்றார் பால்காரர். "ஆனா ஒண்ணு மட்டும் புரியலண்ணே. ஊருக்கே ஊசி போடுங்க போடுங்கன்னு சொன்னவர் நீங்க. உங்க சொந்த அக்கா ஏன் போட்டுக்கல?"

மைக் அண்ணன் மைக்கின் பொத்தானை அணைத்து, அதை மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் மைக்ல சொன்னதை அவ நம்பினதாலதான்."